சலுவாராவில் கேசிகாவுக்கு ஓர் இடம்

(1997 புரட்டாதி. பலேர்மோ, அல்பெர்கேரியாவில் உள்ள தேவாலய மண்டபத்தில் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. பெற்றோர் சங்கத்தின் சார்பில் யோகாம்பாள் ஆற்றிய உரை.)

விழாவுக்குத் தலைமை தாங்கி, வீற்றிருக்கும் நாற்காலிக்கே விறைப்பைக் கற்றுக்கொடுக்கும் விக்னராஜா அண்ணை அவர்களே! மாலை வாடும் முன்னே மதிய உணவை நினைக்கத் தொடங்கிவிட்ட நிர்வாகசபைப் பெரியோர்களே! ஆறு நாள் அடுத்தவர் அடுப்பங்கரையில் நின்று, ஏழாம் நாள் எங்களுக்காக வடையும் சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உணவகத்துப் பாத்திரங்களைக் கழுவிய கையோடு ஓடிவந்திருக்கும் தம்பிமாரே! மொரீசியஸிலிருந்து வந்து எங்கள் தேவாரத்துக்குத் தாளம் போடும் செல்வென் குடும்பத்தாரே! கடைசி வரிசையில் இத்தாலியனில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு தமிழின் பெருமை. தந்த நேரம் பத்து நிமிடம். பெருமையைப் பற்றிப் போன வருடமும் பேசினேன், அதற்கு முந்தின வருடமும் பேசினேன். எனக்கு அலுத்துப்போயிற்று. இல்லைத் தம்பி, மைக் நல்லாத்தான் வேலை செய்யுது, நான்தான் மூச்சு விட நிப்பாட்டினனான். இன்றைக்கு நான் பேச வந்தது பல்கலைக்கழகத்தைப் பற்றி. ஒன்றல்ல, ஒன்பது பல்கலைக்கழகங்கள்!

மாகடலுக்கு அப்பால் சலுவாரா என்றொரு நாடு. மலையும் மழையும் மண்டிய நாடு. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் ஒன்பது இனத்தார், ஒன்பது மொழி. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் வாய் திறந்த பிள்ளையை முழங்காலில் நிறுத்திய காலம் அங்கே இருந்தது. முழங்காலில் நின்ற பிள்ளைகள் வளர்ந்தார்கள். வளர்ந்து என்ன செய்தார்கள்? மாநாடு கூட்டினார்களா? பொன்னாடை போர்த்தினார்களா? யார் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று மூன்று கூட்டம் வைத்தார்களா? பல்கலைக்கழகம் கட்டினார்கள்! மலைக்காரருக்கு மலையிலே ஒன்று. ஏரிக்காரருக்கு ஏரிக்கரையிலே, மூடிக்கிடந்த மீன் தொழிற்சாலைக்குள்ளே ஒன்று. இப்படி ஒன்பது கட்டி, ஒன்பதையும் ஒன்றாக இணைத்தார்கள். மலையிலே படிக்கத் தொடங்கியவள் ஏரியிலே படித்து முடிக்கலாம். விதைப்புக் காலத்தில் வகுப்பே கிடையாது, மாணவரும் ஆசிரியரும் வயலுக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் யோகாம்பாளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். ஒரேத்தோ தெருவில் ஒரு சிஞ்ஞோராவுக்கு, இத்தாலிய வீட்டுக்கார அம்மாவுக்கு, சமைத்துப்போடுகிற எனக்கு இதைச் சொல்லித்தந்தது எங்கள் தலைவரின் மூத்த மகள் கேசிகா.

அவளை உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் சிறப்பாகச் சித்தியடைந்தவள். பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்த மாதத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு இங்கே வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் கட்டில் விரிக்கிறாள். மாசி மாதம் முதல் அந்த விடுதியில் தங்கியிருந்தவர் இனெஸ் என்கிற பேராசிரியை. ஏரிக்காரரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அறை கூட்டப்போன பிள்ளை, மேசையில் கிடந்த தாளைப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த மாடியில் வேறு அறை எதுவும் கூட்டுப்படவில்லை!

இந்த வருடம் அந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் ஆளுக்கொரு இடம் ஒதுக்கியிருக்கின்றன, சொந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட வேறு மொழிக்காரரின் பிள்ளைகளுக்கு. நான்கு வருடம் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அவளை அறிந்த, அவள் மொழி பேசுகிற மூன்று பேரின் கையொப்பம்.

மூன்று கையொப்பம், பெருமக்களே! அதற்குத்தான் நாங்கள் மூன்று மாதம் எடுத்தோம்.

வைகாசியில் இதே மண்டபத்துக்கு இனெஸ் வந்தார். இத்தாலியனில் விளக்கினார், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற தம்பி கிருபன் தமிழில் சொன்னான். முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இது பழங்குடியளின்ரை பள்ளிக்கூடமோ?"

"ஓம்," என்றான் கிருபன்.

"அப்ப நாங்கள் என்ன காட்டுச் சனமோ?"

கேட்டவரின் பெயரைச் சொல்லமாட்டேன், மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். தலைவர் அவரை அடக்குவார் என்று பார்த்தேன். தலைவர் சொன்னார்: "பிள்ளையை அங்கை விட்டால் நாளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்? ரொறொன்ரோவிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

காட்டுச் சனமோ என்று கேட்ட கனவானே! பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் வெயிலில் நிற்கிறோமே, அந்த வரிசையில் உங்கள் குலத்தை யாராவது கேட்டார்களா? வீட்டுக்காரர் ஏறும் வழி வேறு, வேலைக்காரி ஏறும் வழி வேறு என்று பின்கதவைக் காட்டுகிறார்களே, அங்கே உங்கள் பரம்பரையைச் சொல்லிப் பார்த்தீர்களா? எத்தனை கடல் தாண்டினோம்! இந்த ஒன்றை மட்டும் ஏன் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம்?

கைதட்டாதேங்கோ! பொறுங்கோ. இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குத் தேநீர் ஊற்றியவள் நான். சபையோருக்குக் கண்ணாடிக் கோப்பை. இனெஸுக்குக் காகிதக் கோப்பை. யாரும் எனக்குச் சொல்லவில்லை, கை தானாகவே அதை எடுத்தது. ஊரிலே சிலருக்குச் சிரட்டையில் ஊற்றிய கை! என் சிஞ்ஞோரா எனக்கென்று ஒரு கோப்பையைத் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே தனியாக வைத்திருக்கிறா. அதை நினைத்து நான் அழுதிருக்கிறேன். அழுத நானே ஊற்றிக் கொடுத்தேன். இனெஸ் சுற்றிவரப் பார்த்தார், குடித்தார், நன்றி சொன்னார். அடுத்தநாள் விடுதிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எங்கள் ஊரிலும் இது உண்டு, நாங்கள் ஏரிக்காரர் ஆற்றுக்காரருக்குச் செய்தோம்," என்றார். 

கையொப்பம் வைக்க வேண்டிய படிவம் என்ன ஆயிற்று? ஆலோசனையில் இருந்தது. ஆனியில் ஆலோசனை. ஆடியில் ஆலோசனை. ஆவணி பிறந்தும் ஆலோசனை! தலைவர் போடாமல் செயலாளர் போடமாட்டார். செயலாளர் போடாமல் பொருளாளர் பேனையே தேடமாட்டார். நானும் ஞாயிறு தவறாமல் மூன்று வீட்டுப் படியும் ஏறி இறங்கினேன். கடைசியில் கிருபன்தான், பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஈரக்கையோடு படிவத்தைத் திரும்ப வாசித்துவிட்டுக் கேட்டான்: "யோகாம்பாள் அக்கா, இதிலை பதவி ஒண்டும் கேக்கேல்லையே?"

கேட்கவில்லை! தலைவர் என்று அதில் இல்லை. நிர்வாகசபை என்று அதில் இல்லை. அவளை அறிந்த மூன்று பேர், அவ்வளவுதான். மூவர் என்ற உடனே தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் தேடி ஓடுகிற புத்தி உலகத்தில் எங்களுக்கு மட்டும்தான் இருக்கும்.

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கோ அண்ணை, நான் முடிக்காமல் இறங்கமாட்டன்.

முதல் கையொப்பம் நான் வைத்தேன். இரண்டாவது கிருபன் வைத்தான். மூன்றாவது வைத்தவர் உங்கள் மனைவி செல்வமலர். ஓம் அண்ணை, அவதான். கேசிகாவை அவவைவிட அறிந்தவர் யார்? முழுப்பெயரும் எழுதினா. படிவம் போயிற்று. இடம் கிடைத்தது. விசாவும் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை கேசிகா கப்பலில் நேப்பிள்ஸ் போய், அங்கிருந்து சலுவாரா போகிறாள்.

இதை ஏன் மேடையில் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். வீட்டில் நான்கு தரம் சொல்ல வந்தாள். நான்கு தரமும், "அந்தக் கதையை இஞ்சை எடுக்காதை," என்றீர்கள். சபையில் வைத்து மறுத்தீர்கள், அதனால் சபையில் வைத்தே சொல்கிறேன்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. அந்தப் பல்கலைக்கழகங்களில் பட்டம் கொடுப்பது பேராசிரியர் அல்ல. ஆய்வை எழுதியவர் தன் சனத்திடம் போய், சந்தை கூடும் நாளில், தன் மொழியில் அதை வாசிக்க வேண்டும். கோழி விற்க வந்தவள் எழும்பி, விளங்கவில்லை என்று சொன்னால் பட்டம் இல்லை, திருத்தி எழுத வேண்டும்! கேசிகாவின் சனம் யார்? நாங்கள்! அவளுடைய சந்தை எது? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மீனும் கத்தரிக்காயும் கூவி விற்கிற பல்லரோ! நான்கு வருடத்தில் அவள் இங்கே வந்து நின்று வாசிப்பாள், தமிழிலே வாசிப்பாள். பாத்திரம் கழுவுகிறவர் கேட்பார், படி துடைக்கிறவள் கேட்பாள், விளங்கியதா இல்லையா என்று நாங்கள் சொல்வோம்! எங்களிடம் யாராவது இதுவரை அப்படிக் கேட்டிருக்கிறார்களா? எங்கள் வாயிலிருந்து ஒரு பட்டம் பிறக்கும் என்று யாராவது நினைத்திருக்கிறார்களா? அந்தக் காட்டுச் சனம் நினைத்திருக்கிறது, ஐயா!

அண்ணை, உங்களிடம் இனிக் கையொப்பம் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் தேவை. மூன்று நாளாகப் பெட்டியை அடுக்குகிறாள், கலைக்கிறாள், திரும்ப அடுக்குகிறாள். உங்களிடம் சொல்லாமல் போக அவளுக்குக் கால் வரவில்லை.

பொறுங்கோ, சத்தம் போடாதேங்கோ. தலைவர் என்னவோ கேட்கிறார்.

"கப்பல் எத்தினை மணிக்கு?"

இரவு எட்டு மணிக்கு அண்ணை. நீங்கள் ஏழுக்கே துறைமுகத்துக்கு வாருங்கள். உங்களோடு கதைக்க அவளுக்கு ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

கோபத்தைப் பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பசியைப் பொறுத்துக் கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி கூறி, கையெழுத்து வைத்த அந்தத் தாயை வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.