அங்கம்மா சொம்பு

ரொம்ப காலத்துக்கு முந்தி ஆவரங்குளம் ஆவரங்குளம்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல அங்கம்மா அங்கம்மான்னு ஒரு பொம்பள இருந்தாளாம். பொண்ணு வீட்டுக்காரவுகளே, கேளுங்க, கேட்டுட்டுச் சாப்பிடப் போவோம். எல எங்கயும் ஓடிப்போயிறாது.

எந் தம்பி பேரனுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு வீடு பாக்க வந்திருக்கீக. "வந்தவுகளக் கை நனைக்க விடாம, நடுவுல ஒரு நசுங்குன பித்தளைச் சொம்பை வச்சு உக்கார வச்சிருக்கீகளே, இது என்னா வழக்கம்"னு பொண்ணோட மாமா கேட்டாரு. நல்லாக் கேட்டாரு. சொல்றேன்.

அங்கம்மாவுக்குப் புருசன் இல்ல, புள்ளையும் இல்ல. பள்ளத்துக் கெணத்துப் பக்கத்துல குடிசை. அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் ஊரே குடிச்சுச்சு. இளநி மாதிரி இருக்குமாம். அப்ப ஓடைக்கு அந்தப் பக்கம் தோலு பதம் பண்ற தோல் ஷாப்பு ஒண்ணு வந்துச்சாம். தோலு ஊறப்போட்ட தண்ணிய ஓடையில விட்டாகளாம். மொத வருசம் ஒண்ணுந் தெரியல. ரெண்டாம் வருசம் லேசாக் கரிச்சுச்சு. மூணாம் வருசம் தண்ணி மஞ்சளாயிருச்சு. மாடு மூந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிருச்சாம். மாடு திருப்பிக்கிரும், மனுசன் எங்க போறது? குடிச்சோம்.

அங்கம்மா தோல் ஷாப்புக்குப் போய்க் கேட்டாளாம். "போம்மா, போம்மா"ன்னானாம். தாலுகா ஆபீசுக்குப் போனாளாம். "மனு குடுத்துட்டுப் போம்மா"ன்னாகளாம். அப்பறம் டவுன்ல இலவசமா சட்டம் சொல்ற கூட்டம் ஒண்ணு நடந்துச்சு. அங்க ஒரு வக்கீலு சொன்னாராம், "அரசியல் சாசனத்துல இருபத்தொண்ணுன்னு ஒரு பிரிவு இருக்கு. உயிரோட வாழ்றது உங்க உரிமை. ஏழைக ஒரு கார்டு எழுதிப் போட்டாலும் பெரிய கோர்ட்டு அத வழக்கா எடுத்துக்கிரும்"னு.

கைநாட்டுக்காரி அவ. அவளுக்கு ஒரு தம்பி மகன் இருந்தானாம். பத்தாவது வரைக்கும் படிச்சவனாம். அவனக் கூப்புட்டு ஒக்கார வச்சா. "எழுதுடா. 'சாமி, எங்க கெணத்துத் தண்ணிய மாடு குடிக்க மாட்டேங்குது, நாங்க குடிக்கிறோம். உயிரோட இருக்க எங்களுக்கு உரிமை இருக்காமுல்ல. இருந்தாக்க, வந்து பாருங்க.' இம்புட்டுத்தான். பெருவெரல்ல மையத் தடவு."

அந்தத் தம்பி மகன் நாந்தான். 'இருந்தானாம், படிச்சவனாம்'னு சொன்னா வேற எவனோன்னு ஆயிருமா? நாந்தான் எழுதுனேன். எழுதயில எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

கார்டு போச்சு. பெரிய கோர்ட்டு அத வழக்கா எடுத்துக்கிருச்சு! நோட்டீசு வந்தன்னைக்கு ஊரே வாயப் பொளந்துச்சு. அப்பறந்தான் வந்துச்சு வினை. கேசு சேதி அக்கம்பக்கம் பரவிருச்சு. "ஆவரங்குளத்துத் தண்ணி விசமாம்ல, கோர்ட்டுக்கே போயிருச்சாம்ல. அந்த ஊருக்கா பொண்ணக் குடுக்கிறது?" அந்த வருசம் மட்டும் கல்யாணத்துக்கு ஏழு மாப்பிள்ளைக நின்னோம். ஏழுன்னு சொல்றேன், அதுல ஒருத்தன் நானு. இருபத்தெட்டு வயசு. கோம்பைப்பட்டிப் பொண்ணு தனபாக்கியத்தப் பேசி முடிக்கிற சமயம்.

கோர்ட்டு ஒரு வக்கீல அனுப்புச்சு. நேருல பாத்து எழுதிட்டு வாங்கன்னு. அவருக்குக் கமிஷனர்னு பேரு. அவரு வர்றதுக்கு மொத நாளு ஊர்க்கூட்டம் போட்டோம். தோல் ஷாப்புக்காரன் யாரையும் மெரட்டல, யாருக்கும் எதுவும் குடுக்கல. அத நல்லாக் கேட்டுக்கங்க. நாங்களா முடிவு பண்ணுனோம்.

தோல் ஷாப்புக்கு மேலாப்புல மேட்டுக் கெணறுன்னு ஒரு தோட்டத்துக் கெணறு இருக்கு. ரெண்டு மைலு. தண்ணி சுத்தம். கமிஷனர நேரா அங்க கூட்டிட்டுப் போயிட்டோம். "இதுதாங்க எங்க குடிதண்ணிக் கெணறு." அந்தத் தண்ணியில நன்னாரி சர்பத்துப் போட்டும் குடுத்தோம். மனுசன் குடிச்சுட்டு, "நல்லாத்தானே இருக்கு"ன்னாரு. பாட்டில்ல மோந்துக்கிட்டாரு.

அங்கம்மா ஓடியாந்தா. இடுப்புல இந்தச் சொம்பு. இதே சொம்பு. பள்ளத்துக் கெணத்துத் தண்ணி, மேல நொரை. "ஐயா, அது தோட்டத்துக் கெணறுய்யா! நாங்க குடிக்கிறது இதுய்யா!"

கமிஷனரு எங்களப் பாத்தாரு. "இந்தம்மா சொல்றது நெசமா? யாராவது சாட்சி சொல்றீங்களா?"

ஊரே நின்னுச்சு. ஒருத்தரு வாயத் தொறக்கல. அங்கம்மா என்னையத்தான் பாத்தா. "நீ சொல்லுடா ராசு. கார்டு எழுதுனவன் நீதானடா. நீ சொன்னாப் போதும்டா."

நான் சொன்னேன். என்னா சொன்னேன் தெரியுமா? "அத்தைக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லைங்க. அது சொல்லச் சொல்ல எழுதிட்டேனுங்க. மன்னிச்சிருங்க"ன்னேன்.

இந்த வாயிதான். இன்னும் சோறு திங்கிது.

அவ சொம்பைத் தூக்கி, அம்புட்டுத் தண்ணியையும் கமிஷனரு முன்னாடி மடக்கு மடக்குன்னு குடிச்சா. குடிச்சுட்டு, "நெதமும் இதாங்கய்யா"ன்னு சொல்லிச் சொம்பக் கீழ போட்டா. அந்த நசுங்கல்தான் இது. கமிஷனரு ஊரு சொன்னதையே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

மெட்ராசுக்கு விசாரணைக்கு நானும் போனேன். தொணைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன், எந் திமிரப் பாருங்க. தோல் ஷாப்பு வக்கீலு எந்திரிச்சு, "உயிர் வாழுற உரிமைன்னா ஒருத்தன அநியாயமாக் கொல்லக் கூடாதுன்னு அர்த்தம். அதுல கெணத்துத் தண்ணி எங்க வந்துச்சு? தொழில் பண்றதும் உரிமைதான், அதுவும் அதே சாசனத்துலதான் இருக்கு"ன்னாரு. ஜட்ஜய்யா சொன்னாரு, "தண்ணி இல்லாம உயிர் எங்கய்யா இருக்கு? அடுத்தவன் தண்ணியக் கெடுக்கிறதுக்கா தொழில் உரிமை?" அங்கம்மா மொகத்துல அப்பத்தான் ஒரு சிரிப்பு வந்துச்சு.

அப்பறம் ஜட்ஜய்யா கமிஷனரு எழுதுனதப் பெரட்டுனாரு. "ஆனா தண்ணி நல்லா இருக்குன்னு ஊரே சொல்லியிருக்கேம்மா. கார்டு எழுதுனவரே சொல்லியிருக்காரே. நான் என்ன செய்யட்டும்?" வழக்கு அதோட முடிஞ்சுச்சு. சட்டம் அவ பக்கம் வந்து நின்னுச்சுங்க. ஊருதான் நிக்கல.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அங்கம்மா ஒரு வார்த்தை வையல. வஞ்சிருந்தாத் தேவலாம். ஊரு நெருங்குறப்பக் கேட்டா, "ஏண்டா ராசு, கல்யாணம் நடக்கணும்னு செஞ்சீக. சரி. வர்ற புள்ளைக எந்தக் கெணத்துல குடிக்கும்?"

அந்தத் தையில ஏழு கல்யாணமும் நடந்துச்சு. அதுக்கு முன்னாடி எம் மாமனாரு வீடு பாக்க வந்தாரு. கை நனைச்சாரு. மேட்டுக் கெணத்துல வண்டி கட்டிக் கொண்டாந்த தண்ணி. "ருசியான தண்ணி மாப்பிள்ள"ன்னாரு. நான் சிரிச்சேன்.

தனபாக்கியம் வந்தா. பள்ளத்துக் கெணத்துல குடிச்சா. மொதப் புள்ள வயித்துலயே போச்சு. ரெண்டாவதும் போச்சு. தண்ணியாலதான்னு டாக்டரு உறுதியாச் சொல்லல. அதையே சாக்கா வச்சு நானும் கொஞ்ச நாளு தூங்குனேன். ஒரு நாளு குடத்த எறக்கி வச்சுட்டு அவ கேட்டா, "எங்கப்பா அன்னைக்குக் கை நனைச்சாரே, அது எந்தக் கெணத்துத் தண்ணி?"

சொன்னேன். அன்னைலருந்து ஒரு வருசம் அவ என்னோட பேசல.

அங்கம்மா செத்த பிற்பாடு, குடிசையில இருந்த இந்தச் சொம்ப தனபாக்கியந்தான் எடுத்துட்டு வந்தா. அடுத்த மாசம் பக்கத்து வீட்டுக்குப் பொண்ணு வீட்டுக்காரவுக வந்தப்ப, பள்ளத்துக் கெணத்துத் தண்ணிய இதுல மோந்துட்டுப் போயி அவுக நடுவுல வச்சா. "இதுதான் எங்க ஊருத் தண்ணி. பாத்துட்டுச் சாப்பிடுங்க"ன்னா. அவுக எந்திரிச்சுப் போயிட்டாக. அடுத்து வந்தவுகளும் போயிட்டாக. ஊரு அவள வஞ்சுச்சு, அடிக்கக்கூடப் போச்சு. ஆனா 'பொய்யி'ன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல. மூணாவதா வந்தவுக உக்காந்து யோசிச்சாக. அப்பறம் கை நனைச்சாக. அதுலருந்து இந்த ஊருல அங்கம்மா சொம்பு வைக்காம எந்தப் பேச்சும் முடியிறதில்ல. வைக்கிறவன் கதையச் சொல்லணும். நான் இருக்கிற வரைக்கும் நாந்தான் சொல்லணும்னு தனபாக்கியம் வச்ச சட்டம். உள்ளதான் நிக்கிறா. ஒரு வார்த்தையக் கொறைச்சாலும் வெளிய வந்துருவா.

வேற ஊருக்காரவுக போட்ட கேசுல, அவுக ஊரு ஒண்ணா நின்னு சாட்சி சொல்லி, பத்து வருசம் கழிச்சுத் தோல் ஷாப்ப மூடுனாக. கெணறு இன்னும் தேறல. இப்பக் குழாயில வாரம் ரெண்டு நாளு தண்ணி வருது. வராத நாளு இந்தச் சொம்புல இருக்கிற தண்ணிதான்.

மாமா, சொம்பக் கையில எடுங்க. பொண்ணோட அம்மாவும் ஒருக்கா மூந்து பாக்கட்டும். போறதுன்னாலும் போங்க, கோவிக்க மாட்டோம். கை நனைக்கிறதா இருந்தா, தெரிஞ்சு நனைங்க.