மெஷின் பயன்படாது

எங்கள் வீட்டில் தட்டுக்குப் பஞ்சம் கிடையாது. இருப்பது அப்பாவும் நானும்தான். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பீங்கான் செட் ஒன்று இருக்கிறது. நாற்பத்தெட்டு உருப்படி, ஓரத்தில் நீலக் கோடு, சூப் கிண்ணத்துக்குத் தனி மூடி. நாங்கள் சாப்பிடுவது இன்றுவரை விளிம்பு நசுங்கிய இரண்டு எவர்சில்வர் தட்டுகளில். பீங்கான் செட் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

எல்லாமே அந்த செட்டில்தான் ஆரம்பித்தது என்று வேறு ஊரில் இருக்கும் என் தம்பி நினைக்கிறான். அது சரியில்லை. அதற்கு முன்பே ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று சூட்கேஸ்கள் வாங்கியிருந்தேன். நான் வெளியூர் போய் ஏழு வருடம் ஆகிறது. நடைப்பயிற்சி மெஷின் இருந்தது, அதில் துணி காயப்போடுவேன். கையெழுத்தை அழகாக்கும் பேனா செட், முட்டையை ஆறு துண்டாக அறுக்கும் கம்பி, வாங்கிய பொருள்களைக் குறித்து வைக்க ஒரு தோல் டைரி. டைரியில் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் தெரிந்துவிடும் அல்லவா.

பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை எனக்கு. வருகிறவர்களை உட்காரவைத்து, "வலிக்காது" என்று சொல்ல வேண்டும். பதினாறு வருடமாகச் சொல்லி வருகிறேன். சம்பளம் மோசமில்லை. ஆனால் நான்கு கிரெடிட் கார்டுக்கு அது போதாது. முதல் கார்டின் கடனை இரண்டாவதும், இரண்டாவதை மூன்றாவதும், மூன்றாவதை நான்காவதும் அடைத்துக்கொண்டிருந்தன. நான்காவதை யார் அடைப்பது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி.

அப்பா ஸ்கூட்டர் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. வண்டியைப் பிரிக்கவே மாட்டார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பிஸ்டன் ரிங் போயிடுச்சு" என்பார். அப்படியே இருக்கும். அறுபத்தெட்டு வயதில் அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. அடுத்த வருடத்தில் அநேகமாக ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது நான் ஒரு வெள்ளைப் பலகை வாங்கினேன். அழித்து அழித்து எழுதுகிற சின்னப் பலகை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் மூன்று. என் வாழ்க்கையில் வாங்கியதிலேயே உபயோகமான பொருள் அதுதான். யார் அப்பாவிடம் எது சொன்னாலும் நான் எழுதிக் காட்டுவேன். அப்பா படித்துவிட்டுத் தலையாட்டி, "சரிம்மா, நீ சொன்னா சரிதான்" என்பார். மற்றவர்களுக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அப்பாவிடம் பேசவேண்டியதை என்னிடம் பேசினார்கள்.

காது மெஷின் வாங்கலாம் என்று முடிவானது. அப்பா தன் கம்ப்ரஸரை விற்றார். டயருக்குக் காற்றடிக்கும் பெரிய மெஷின் அது, முப்பது வருடம் அவரோடு இருந்தது. விற்ற பணத்தை ஒரு உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டி, திங்கட்கிழமை என்னிடம் கொடுத்தார். டாக்டரைப் பார்க்க வேண்டியது வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரு புதன்கிழமை வந்தது.

புதன்கிழமை நான் வழக்கமாகப் போகும் பாத்திரக் கடையில் பீங்கான் சாமான்களுக்குக் கடைசி நாள் தள்ளுபடி. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். என் கார்டு நான்கையும் கடையின் கார்டு மெஷின் ஏற்கவில்லை. பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கடைப் பெண் வேறு, "பரவால்ல மேடம், எடுத்து வச்சிடவா?" என்று மிகவும் கனிவாகக் கேட்டாள். அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உறையைப் பிரித்தேன். செட்டுக்குப் போக மீதி இருந்தது. மீதியைக் கையில் வைத்திருந்தால் பாதி உறை ஆகிவிடும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அதற்கு மேஜை விரிப்புகள் எடுத்தேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை கிடையாது.

சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடுவதாகத்தான் எண்ணம். அதுவரை ஒரே ஒரு நப்பாசை: மெஷினால் பலனில்லை என்று டாக்டரே சொல்லிவிட மாட்டாரா?

டாக்டர் நல்ல மனிதர். அப்பாவின் காதை அரை மணி நேரம் சோதித்தார். என்னைப் பார்த்து, "கவலையே படாதீங்க. மெஷின் வச்சா நல்லாவே கேக்கும். லேட் பண்ணாம வாங்கிடுங்க" என்றார்.

அப்பா என் கையிலிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மூடியைத் திறந்தேன். "மெஷின் பயன்படாது" என்று எழுதினேன்.

இரண்டே சொற்கள். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. பலகை அப்பாவின் பக்கம் திரும்பியிருந்தது, டாக்டருக்குத் தெரியாது. அப்பா படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். எழுந்து டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிங்க டாக்டர். உள்ளதை உள்ளபடி சொன்னீங்க" என்றார். டாக்டரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

வெளியே படியில் இறங்கும்போது அப்பா சொன்னார்: "அந்தப் பணத்தை நீயே வச்சுக்க பாப்பா. உனக்குப் பிடிச்சதா ஏதாவது வாங்கிக்க. நீ உனக்குன்னு ஒண்ணுமே வாங்கறதில்ல."

நாற்பத்தொரு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். அதைவிட, கவனியுங்கள், பணத்தை அவரே எனக்குக் கொடுத்துவிட்டார். நான் இரண்டு நாள் முன்னதாகச் செலவழித்துவிட்டேன், அவ்வளவுதான். இதைத் தம்பியிடம் விளக்கியபோது அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

காது கேட்காதவரோடு வாழ்வது நீங்கள் நினைப்பதுபோல் கஷ்டமில்லை. அழைப்பு மணி எத்தனை தடவை அடித்தாலும் அப்பாவுக்குத் தெரியாது. பார்சல்கள் வந்தபடி இருந்தன. வங்கியிலிருந்து போன் வந்தால் கூடத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கெஞ்சலாம். ஒருமுறை கடன் வசூலிக்கிற ஆள் நேரிலேயே வந்துவிட்டார். கட்டை மீசை, கையில் ஃபைல். வாசலில் நின்று, "நாலு மாசமா டிமிக்கி குடுத்துட்டிருக்கீங்க! மானம் ரோஷம் வேண்டாமா?" என்று கத்தினார். அப்பா யாரென்று கேட்டார். "மக்கள் தொகைக் கணக்கெடுக்க வந்திருக்கிறார்" என்று எழுதிக் காட்டினேன்.

அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. வந்தவரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"எழுதிக்குங்க தம்பி. வீட்ல ரெண்டு பேரு. எனக்கு வயசு எழுபது. காது கேக்காது, அதையும் போட்டுக்குங்க. பொண்ணு வேலைக்குப் போகுது. தங்கமான பொண்ணு."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அப்பா கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். ஃபைலைத் திறந்து ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்துவிட்டு எழுந்தார். வாசலில் என்னிடம், "எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன்" என்று ஆரம்பித்தவர் முடிக்காமலே போய்விட்டார். அதன்பின் அவர் வரவில்லை. வேறு ஆளை அனுப்பினார்கள்.

அப்பாவின் பட்டறை எட்டு மாதம் தாக்குப்பிடித்தது. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார். எதிர் வீட்டு லாண்டரிக்காரர் கடைசிவரை தன் வண்டியை இங்கேதான் விட்டார். மூன்று தடவை தவறான பாகத்தை மாற்றிய பிறகு அவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அப்பா அவரிடம் கோபிக்கவில்லை. பட்டறையைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து என் கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்திருந்தது. பெட்டிகளையெல்லாம் பட்டறைக்கு மாற்றினேன். தகரக் கூரையென்றாலும் ஒழுகாது, அப்பா நல்ல தார் பூசியிருந்தார்.

லாண்டரிக்காரர் ஒருமுறை சொன்னார்: "உங்கப்பா பலே ஆளும்மா. நான் பேசறப்ப என் வாயையே பார்த்துட்டு, கரெக்டா பதில் சொல்றாரு." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்.

இனி அந்த வேன் விஷயம். போன மார்ச்சில் கால் பிடித்துவிடுகிற மெஷின் ஒன்று ஆர்டர் செய்திருந்தேன். வேன் எங்கள் சந்தில் பின்பக்கமாக வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தது, டிரைவர்மேல் தப்பில்லை. அப்பா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். "அப்பா!" என்று கத்தினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவருக்குக் கேட்க வேண்டுமே என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வேன் இடித்துக் கீழே விழுந்தார், வலது மணிக்கட்டு முறிந்தது. டிரைவர் வெலவெலத்துப்போய், பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கையெழுத்து இல்லாமல் கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து என்றார். ஆகவே நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். பிறகு டாக்ஸியைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா தரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் அந்த மெஷினில் அவர் பாதங்களை வைத்து சுவிட்சைப் போட்டேன். "உங்களுக்காக வாங்கியது" என்று எழுதிக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

கட்டுப் பிரிக்க அப்பாவை அழைத்துப்போனது தம்பி. அதற்கென்றே லீவு போட்டு வந்திருந்தான். போன இடத்தில், வந்ததுதான் வந்தோம் என்று காது டாக்டரையும் பார்த்திருக்கிறான். டாக்டர் பழைய ஃபைலை எடுத்து, "மூணு வருஷம் முன்னாடியே வாங்கச் சொன்னேனே. ஏன் வாங்கல?" என்று கேட்டிருக்கிறார். தம்பி அங்கேயே, தன் காசில், இரண்டு காதுக்கும் வாங்கி மாட்டி அழைத்து வந்துவிட்டான்.

தெருமுனையில் அப்பா காரை நிறுத்தச் சொல்லி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டாராம். "டைமிங் செயின் தளர்ந்திருக்கு. சீக்கிரம் காட்டு" என்றாராம். வீட்டுக்குள் வந்த அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஃபேன் கிரீச் கிரீச்சுங்குதே. எத்தனை நாளா பாப்பா?"

"நேத்துலேருந்துதாம்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவுக்கு டாக்டர்மேல் வருத்தமில்லை. "அன்னைக்கு அவரு தப்பா சொல்லிட்டாரு போல. மனுசன்தானே, விடு" என்றார். தம்பி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனான். கேட்டான், சொன்னேன். உறை, புதன்கிழமை, பலகை, பட்டறை, எல்லாம். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சொல்லமாட்டேங்க்கா. நீ எழுதிக் காட்டுன பொய்யி, நீயே உன் வாயால சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். அதுக்குள்ள சொல்லலேன்னா அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா போய்விட்டால் இந்த வீட்டில் என்னைத் தங்கமான பொண்ணு என்று சொல்ல ஆள் கிடையாது. திருந்திவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அந்த வாரம் எனக்கென்று ஒன்றுமே வாங்கவில்லை. அப்பாவின் மெஷினை வைக்க வெல்வெட் டப்பா மட்டும் வாங்கினேன். காதுக்கு ஒன்றாக இரண்டு. மூன்றாவது இலவசம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன். ஒன்றையும் விடவில்லை. டாக்டர் சொன்னது, நான் எழுதியது, கம்ப்ரஸர் பணம் எங்கே போனது, கணக்கெடுக்க வந்தவர் உண்மையில் யார், வேன் எதைக் கொண்டுவந்தது, முதலில் போட்ட கையெழுத்து, பட்டறைக்குள் இருக்கும் நாற்பத்தெட்டு உருப்படி. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அழுதுகொண்டே சொன்னேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்தபோது தலையாட்டினார். "சரிம்மா" என்றார். வழக்கமாக அதோடு சேர்த்துச் சொல்லும் மற்றதைச் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "சொல்லிட்டியாக்கா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேண்டா."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சரிம்மான்னாரு."

அவன் போனிலேயே அழுதான். அப்பாவின் மனசு யாருக்கும் வராது என்றான். நானும் அழுதேன், உண்மையாகவே அழுதேன். போனை வைத்துவிட்டு, முகம் கழுவி, வெல்வெட் டப்பாக்களைத் திறந்து, இரண்டு மெஷினையும் எடுத்து அப்பாவின் காதுகளில் மாட்டிவிட்டேன். துடைத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் காலையில் நான்தான் கழற்றி வாங்கியிருந்தேன்.

மாட்டியதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பட்டறை சாவி எங்கேம்மா?"

பாப்பா என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தச் சாவியைக் கேட்காதவர் இப்போது கேட்கிறார் என்றால், மறுபடி வேலை பார்க்க ஆசை வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அப்போதிலிருந்து பட்டறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாவி என் கைப்பைக்குள் பத்திரமாக இருக்கிறது.