வரேன் என்றுதான் சொன்னாள்

எனக்கு ஜன்னலோர சீட் ஆகாது மேடம். காலை வெயில் முகத்தில் அடித்தால் அன்றைக்கெல்லாம் தலைவலிதான். அதனால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரத்தைக் கிளாராவுக்கு விட்டுவிடுவேன். நான் குன்றத்தூரில் ஏறி என் டிபன் பையை அங்கே வைப்பேன். அவள் மண்ணூர்க்காரி, ஸ்ரீபெரும்புதூரில் ஏறி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒரகடம் போய்ச் சேரும்வரை வாய் ஓயாது. ஒரே ஷிப்ட், ஒரே லைன், ஒரே டப்பாவில் சாப்பாடு. "வேல்விழி எங்கன்னு கேட்டா கிளாராவ காட்டுனா போதும்" என்று சூப்பர்வைசர் நயினார் கேலி செய்வார்.

போன வருஷம் அவளுக்கு ஓசூரில் ஒரு வரன் அமைந்தது. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடுவாளாம். அந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சொன்னேன், சிரித்தாள். அவளைப் பெற்றவர்களுக்கே இல்லாத அக்கறை எனக்கு, என்ன செய்ய? அவள் போனிலிருந்து மாப்பிள்ளை வீட்டு நம்பரை எடுத்து, பெண்ணுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு போனில் கலைகிற சம்பந்தம் உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்.

எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேன்டீன் வாசலில் எல்லார் எதிரிலும் என்னை நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி பாவம் பண்ணேன் உனக்கு? என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனிமே என் மூஞ்சில முழிக்காத. போன் பண்ணாத. எங்க வூட்டாண்ட வராத."

அதற்குள் ஷிப்ட் மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். திரும்பும்போது, "வரேன்" என்றாள்.

அவள் தம்பி ஜெபர்சனிடம் இதைச் சொன்னேன். "அது வாய்ப்பழக்கம்க்கா. நம்மூர்ல யாரு போறேன்னு சொல்லுவா?" என்றான். அதைத்தானே நானும் சொல்கிறேன். எழவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். உறவு செத்துப்போயிற்று என்று அவள் நினைத்திருந்தால் பேசாமல் போயிருக்க வேண்டும். வரேன் என்றாள் மேடம். சொன்னவள் வருவாள் என்று நான் காத்திருந்தது தப்பா?

மறுநாளும் பையை வைத்தேன். அவள் முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். என் நம்பரை பிளாக் செய்தாள்; வேறு சிம் வாங்கினேன். அதையும் செய்தாள், இன்னொன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சர்ச் வாசலில் எதிரே நிற்பேன். சும்மா நிற்பேன், அவ்வளவுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. உடம்பெல்லாம் கட்டெறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

பஸ்ஸையே விட்டுவிட்டு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். "பயமா கீது மேடம், இவ எதுனா பண்ணிடுவா" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அப்போது என் வயிறு எப்படி எரிந்தது தெரியுமா? என் கையையல்லவா பிடித்திருக்க வேண்டும். கோட்டாட்சியர் முன்னால் என்னிடம் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினீர்கள். அவள் பக்கத்தில் போகக் கூடாது, பேசக் கூடாது, வீட்டுப்பக்கம் தலைகாட்டக் கூடாது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அதில் எதையும் நான் மீறவில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். டீ நேரத்தில், அவள் உள்ளே இருக்கும்போதுதான் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். ஸ்கூட்டியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

முதலில் காற்றைத்தான் பிடுங்கிவிட்டேன். வண்டி இல்லையென்றால் பஸ்ஸுக்கு வந்துதானே ஆகவேண்டும். வரவில்லை, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். டயரைக் கிழித்தேன். புது டயர் போட்டுக்கொண்டாள். பிடிவாதக்காரி. வண்டியைத் தொடவே அவளுக்குப் பயம் வரவேண்டும் என்று தோன்றியது. அடியாத மாடு படியாது என்பார்களே. பிரேக் கேபிளைப் பாதி அறுத்துவிட்டேன்.

கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். தினமும் போகிற ரோடு. விழுவாள் என்றும் தெரியும். சாயங்காலம் அவள் விழுந்து கிடந்த இடத்தில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். எங்கள் லைன் இசைவாணிதான் தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட்டாளாம். "வேல்விழி, இறங்குடி, உன் கிளாராடி" என்று கத்தினார்கள். நான் இறங்கவில்லை. பக்கத்தில் போகக் கூடாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன் அல்லவா.

நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று நீங்கள் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. எந்த வார்டு என்று மட்டும் சொல்லுங்கள் மேடம், ஜாமீன் கிடைத்ததும் நேரே அங்கேதான் போவேன். கல்யாணம் நின்றுவிட்டது, வேலைக்கும் இனிப் போக முடியாது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என் பக்கத்து நியாயத்தை அவள் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. இரண்டு காலிலும் கம்பி வைத்திருக்கிறார்களாமே. இந்த முறை முழுசாகக் கேட்பாள்.