ஜீப்பில் போன பொம்மை

— அந்த வரியை அடித்துவிடுங்கள், ராஜமணி. தேதி முதலில் வர வேண்டும். இரண்டாயிரத்து இருபத்தைந்து, ஆகஸ்டு பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கம்பம், செவிலியர் கல்லூரி, முதல்வர் அறை. பிரசவப் பயிற்சிக்கான குழந்தைப் பொம்மையை வெளியே கொண்டுபோனது பற்றி ஆசிரியை முனீஸ்வரியிடம் விசாரணை. விசாரிப்பவர், முதல்வர் சொர்ணலதா. எழுதுபவர், ஆசிரியை ராஜமணி.

— எழுதிட்டேன் மேடம். சும்மா கேக்குறேன், திருட்டுன்னு போட்றவா?

— விசாரித்த பிறகு பெயர் வைப்போம்.

— பெறகு என்னத்த விசாரிக்க? வாழைக்கா மார்க்கெட்டு பூராம் இதாம் பேச்சு. நர்சு டீச்சர் பச்சப்புள்ளய சேலையில சுத்தி, எஸ்டேட் ஜீப்புல கேரளாவுக்குக் கடத்துறாகன்னு. போலீசுக்குப் போன் போட இருந்தாக, நாந்தாம் தடுத்தேன்.

— தடுத்தீகளா, நீங்கதாம் கெளப்பிவிட்டீகளா, ராஜமணிக்கா?

— முனீஸ்வரி, என்னைப் பார்த்துப் பேசு. பொம்மையை எடுத்தது நீதானா?

— ஆமா மேடம்.

— யாருக்கு விற்கப் பார்த்தாய்?

— விக்கவா! காலையில அலமாரியில கொண்டாந்து வச்சிர்றேனே.

— ஜீப்பில் அதற்கு என்ன வேலை?

— பெறக்குற வேல.

— கேலியா?

— நெசமாத்தாம் மேடம். போன மாசம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன பொண்ணு ஒண்ணு, மலைரோட்டுல ஜீப்புக்குள்ளயே பெத்துச்சு. நம்ம மாரீஸ்வரி, லீவுக்கு அம்மாவோட போனவ, அதே ஜீப்புலதாம் இருந்திருக்கா. வகுப்புல மொத மார்க்கு அவதாம். மேசை இல்லையே, லைட்டு இல்லையேன்னு கையப் பெசஞ்சுக்கிட்டு இருந்திருக்கா. தாய் பொழச்சுச்சு. புள்ள பொழைக்கல.

— அதனால்?

— சாயங்காலம் வண்டி திரும்புனதும், டிரைவர் லிங்கேஸ்வரன் அண்ணன்ட்ட ஜீப்பக் கேட்டு வாங்கி, நாலஞ்சு புள்ளைகளக் கூப்பிட்டு உள்ள வச்சுப் பழக்குறேன்.

— என்னிடம் ஏன் மறைத்தாய்? மாதம் ஒரு புதிய கற்பித்தல் முறை வேண்டுமென்று சனவரியில் கேட்டவளே நான்தானே?

— கேட்டீக. அக்கம்மா டீச்சர் கொண்டாந்தாக.

— அந்தப் பேச்சு இங்கே எதற்கு?

— பிள்ளத்தாச்சிப் பொண்ண வகுப்புக்குக் கூட்டியாந்து, சந்தேகத்த அவுகட்டயே கேளுங்கன்னாக. ஒருத்தி ஏடாகூடமாக் கேட்டுட்டா. நீங்க அத்தன பேரு முன்னாடியும் டீச்சர நிக்கவச்சு விளக்கம் கேட்டீக. மறுவாரமே வேலைய விட்டுட்டாக. அன்னைக்கு முடிவு பண்ணுனோம். புதுசெல்லாம் காலேஜ் கேட்டுக்கு வெளிய. உள்ள புத்தகம் மட்டுந்தாம்.

— "பண்ணுனோம்" என்கிறாய். இன்னும் யார் யார்?

— வேலைய விட்டுத் தூக்குனாலும் அதச் சொல்ல மாட்டேன்.

— பாத்தீகளா மேடம்! கூட்டுக் களவாணித்தனம். சும்மா கேக்குறேன்...

— ராஜமணி, உங்கள் வெள்ளைக் கோட்டின் கையில் என்ன கறை?

— இதா? வாழைக்கறை மேடம். தோட்டத்துல...

— உங்களுக்கு ஏது தோட்டம்? போடி பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம் அல்லவா?

— அது வந்து... வாழைத்தண்டு மேடம். புள்ளைக வீட்டுக்கு வந்து அதுல ஊசி குத்திப் பழகுதுக. சும்மாதாம்.

— அக்கா! நீங்களுமா? பெறகு எதுக்கு என்னையக் காட்டிக்குடுத்தீக?

— அடி ஆத்தா, ஒருத்தியப் பிடிச்சுட்டா மேடம் மத்தவுகளத் தேட மாட்டாகன்னு நெனச்சேன்.

— பேனாவை எடுங்கள், ராஜமணி. முடிவு.

— மேடம், எம்பேரையும் எழுதணுமா?

— சொல்வதை மட்டும் எழுதுங்கள். போலீசில் புகார் இல்லை. முனீஸ்வரி வேலையில் தொடர்வாள். வாழைத்தண்டு நாளை முதல் கல்லூரிக்குள் வரும். நாளை மாலை ஐந்து மணிக்கு வாழைக்காய் மார்க்கெட்டில், ஆசிரியர்கள், மாணவிகள், சந்தேகப்பட்ட ஊரார் அனைவரும் பார்க்க, ஜீப்புக்குள் பிரசவப் பயிற்சி நடக்கும்.

— யாரு பிரசவம் பாப்பாக மேடம்? மாரீஸ்வரியா? அவ இன்னும் நடுங்குறா.

— நான் பார்ப்பேன். மேசையில்லாமல் நான் ஒரு பிரசவமும் பார்த்ததில்லை, நிச்சயம் தவறுவேன். எழுதுங்கள்: இன்று மாலையே முதல்வர் அனுமந்தன்பட்டியில் ஆசிரியை அக்கம்மாவின் வீட்டுக்கு நேரில் போய் அவரை அழைப்பார். முதல்வர் தவறும் ஒவ்வோர் இடத்திலும், அத்தனை பேர் முன்னும் நிற்கவைத்து விளக்கம் கேட்க வேண்டியவர் அக்கம்மாவே.