கோட்டையிடம் சொல்லிக்கொண்டவர்

மாலை ஆறரை. மார்கழி இருட்டு. இத்தாலியின் பலெர்மோத் துறைமுகச் சுவரோர வீதியில் ஆள் நடமாட்டமில்லை... குகனேஸ்வரி மட்டும் தன் கணவனுக்குப் பின்னால், அவர் அறியாமல் நடந்தாள். நம் கேசிகாவின் பெரியம்மாதான். பொய்யென்றால் கேசிகாவையே கேளுங்கள், இதோ இருக்கிறாள்.

நகுலேஸ்வரன் கொஞ்ச நாளாகப் பிந்தித்தான் வீட்டுக்கு வந்தார். கேட்டால், "வேலை." சப்பாத்தில் ஈரம். சட்டையில் மூடிக்கிடந்த கிணற்றின் மணம். பெண் வாசனையென்றால் சண்டை பிடித்திருப்பாள். இது என்ன மணமென்று தெரியாததுதான் அவளை அரித்தது.

அவர் நின்ற இடம், இடிந்த கோட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதைச் சுற்றிப் பார்த்திருந்தார்கள். அரசர்கள் கட்டியது, பிறகு சிறையானது, உள்ளே போன பலர் திரும்பவில்லை என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். புறப்படும்போது நகுலேஸ்வரன் நிலவறை வாசலில் குனிந்து, "அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்றார்.

"விசரே உங்களுக்கு? செத்த வீட்டிலை ஆரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவினமே?"

"இது செத்த வீடோடி? காசு குடுத்துப் பாக்கிற இடம்!"

இப்போது அதே வாசலில் குந்தியிருந்தார். மெல்லக் கதைத்தார். நிறுத்தினார். "ஓம்... ஓம்..." மற்றக் குரல் மட்டும் இல்லை.

வேறு பெண் இல்லை என்ற ஆறுதல்தான் தனக்கு முதலில் வந்ததென்று அவளே என்னிடம் சொன்னாள். பயம் அதற்குப் பிறகுதானாம். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த ஆறுதல்.

கையைப் பிடித்தாள். பனிக்கட்டி.

"எழும்புங்கோ. திரும்பிப் பாராதேங்கோ."

"ஒருக்கால் சொல்லிப்போட்டு..."

"வேண்டாம்!"

வீடிருந்த போர்கோ வெக்கியோ வரை ஒரே நடை. காலைக் கழுவ வைத்தாள். கதவைப் பூட்டினாள். தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள்.

கீழ்வாசல் மணி அடித்தது.

கீழே நிற்பவரோடு பேச, சுவரிலிருந்த ரிசீவரை எடுத்தாள். தண்ணீர் சொட்டும் சத்தம்... டொக்... டொக்... பிறகு ஒரு குரல். கோபமில்லை. வருத்தம் மட்டும்.

"சொல்லாமல் வந்திட்டியள்..."

கீழிருந்து வந்தது குகனேஸ்வரியின் குரல். அவளுடைய அதே குரல்.

பக்கத்தில் நின்று அதைக் கேட்ட நகுலேஸ்வரனின் கை, கீழ்க்கதவைத் திறக்கும் பொத்தானுக்கு நீண்டது. அவள் இறுக்கிப் பிடித்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகமாக... யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல.

"கையை விடுங்கோ," என்றார். "கீழை குகனி வந்து நிக்கிறாள்."