இரண்டாவது வண்டி

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். நிலையத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறையில் முகவரி எழுத என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதனால்தான் தட்டச்சு வேண்டாம், வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் சம்மதித்தீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி.

என் பெயர் ஏகநாதன். தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய தீயணைப்பு நிலையத்தில் ஏழு வருடமாக நிலைய அலுவலர். எங்கள் எல்லைக்குள் மூன்று லட்சம் பேர் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். அது ஏரிக்கரையைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முன்னால் எடுத்த கணக்கு. அத்தனை பேருக்கும் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதை வண்டி என்று சொல்வதே நம்முடைய பெருந்தன்மை. மழைக்காலத்தில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். தீயணைக்கப் போகிறவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள்.

அரசு ஒதுக்கீட்டில் சம்பளம் வரும், டீசல் வரும். மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் தயவு. தண்ணீர்க் குழாய் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரர் ஒட்டித் தருவார். பேட்டரி இறங்கினால் எதிர் மெக்கானிக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொள்வோம். டிரைவர் சீட்டு கிழிந்து கம்பி வெளியே வந்தபோது ராஜகீழ்ப்பாக்கத்தில் சோபா பட்டறை வைத்திருக்கும் உமர் பாய் காசு வாங்காமல் புது உறை போட்டுக் கொடுத்தார். தைத்தது அவரிடம் வேலை செய்த கோகிலவாணி. எங்கள் டிரைவர் தயாளன் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சோபா மாரி கீது. தூக்கமே வருது" என்றான். அந்த அம்மாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தூங்கிகினு ஓட்டி எங்கனா மோதிடாதடா. தச்சவ யாருன்னு என்னியதான் தேடிகினு வருவாங்க" என்றார். நல்ல பெண்மணி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

போன வருடம் பெரும்பாக்கம் பக்கம் ஒரு குடியிருப்பில் இரண்டாம் மாடியில் தீப்பிடித்தது. எங்கள் வண்டியோ கேளம்பாக்கத்தில் ஒரு விழா மேடைக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் பைக்கில் முன்னால் போய்விட்டேன். கையில் ஒரு வாளி கூட இல்லை. சீருடையோடு கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் ஜன்னல் வழியாகப் போட, கீழே இருந்தவர்கள் போர்வையை விரித்துப் பிடித்தார்கள். போர்வையின் ஒரு மூலையை நானும் பிடித்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாய் என்னிடம், "உங்ககிட்ட எத்தினி வண்டி சார் கீது?" என்று கேட்டார். ஒன்று என்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தார். வீட்டுக்குப் போய் வெகுநேரம் அழுதேன், மேடம். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

இரண்டாவது வண்டி கேட்டு ஒவ்வொரு வருடமும் எழுதுவேன். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. மக்கள்தொகை, கட்டடங்கள், அழைப்புகள் என்று கேட்டுக்கொண்டே போய் பதினோராவது கேள்வியில் நிற்கும்: கடந்த ஓராண்டில் தீ விபத்தால் ஏற்பட்ட உயிரிழப்பு. ஆறு வருடமும் அங்கே "இல்லை" என்று எழுதினேன். முதல் வருடம் பெருமையாகத்தான் எழுதினேன். ஆறு வருடமும் ஒரே பதில் வந்தது: நிதிநிலைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கப்படும். வேறொரு ஊரில் துணிக்கடை எரிந்து நாலு பேர் இறந்தார்கள். நாற்பதே நாளில் அந்த நிலையத்துக்கு இரண்டு புது வண்டிகள் போயின. அங்கிருக்கும் என் நண்பன் போனில், "உன் ஏரியாவுல ஒருத்தனும் சாக மாட்டேங்கிறான். அப்புறம் எப்படி மச்சான் வண்டி குடுப்பாங்க?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அவன்மேல் எந்தத் தவறும் இல்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிற்பகல் இரண்டு நாற்பது. போன் பார்க்கும் ஆள் சாப்பிடப் போயிருந்ததால் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பையன்கள் பின்னால் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தெரிந்தவர்கள் அவசர எண்ணைக் கூப்பிட மாட்டார்கள், நேராக நிலையத்துக்கே போன் செய்வார்கள். உமர் பாயும் அப்படித்தான் செய்தார். அதனால் அந்த அழைப்பு தலைமையிடத்தில் எங்கும் பதிவாகவில்லை.

"ஏகநாதன் சார், பட்டறை எரியுது சார், ஃபோம் எல்லாம் புடிச்சிகிச்சு" என்றார். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் மணிக்கான பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிடும். என் ஆட்கள் அவ்வளவு திறமைசாலிகள். நான் ஒன்பது நிமிடம் கழித்து அழுத்தினேன். பதிவேட்டில் அழைப்பு வந்த நேரம் இரண்டு நாற்பத்தொன்பது என்று எழுதினேன். இடையில் ஒருமுறை உமர் பாய் மறுபடியும் கூப்பிட்டார். "வண்டி கிளம்பியாச்சு பாய், வழியில டிராஃபிக்" என்றேன். அந்த ஒன்பது நிமிடமும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நிலுவையில் கிடந்த இரண்டு விடுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டேன்.

ஃபோம் எரிந்தால் புகைதான் ஆளைக் கொல்லும். தீ வாசல் பக்கம் பிடித்திருந்தது, பின்னால் வழி கிடையாது. மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி உறைகள் போக வேண்டியிருந்ததால் கோகிலவாணி விடுமுறை நாளிலும் தைக்க வந்திருக்கிறார். நாங்கள் உள்ளே போனபோது குழாயடியில் ஈரத்துணியை முகத்தில் அழுத்தியபடி கிடந்தார். தயாளன்தான் தூக்கி வந்தான். மருத்துவர், ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார். திரும்பும்போது தயாளன் அந்தச் சீட்டில் உட்கார மறுத்துவிட்டான். வேறொருவர் ஓட்டி வந்தார்.

அந்த வருடப் படிவத்தில் பதினோராவது கேள்விக்கு "ஒன்று" என்று எழுதினேன். ஐம்பத்திரண்டாம் நாள் வண்டி வந்தது. நல்ல வண்டி. நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் கொள்ளளவு, சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. பூசணிக்காய் உடைத்துத் தொடங்கிவைத்தார்கள். கோகிலவாணியின் மகள் ஜெயஸ்ரீயை மேடைக்கு அழைத்து நிவாரணக் காசோலை கொடுத்தார்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் எங்கம்மாவ வெளிய கொண்டாந்தீங்க. இல்லன்னா முகத்தக் கூடப் பாத்திருக்க மாட்டேன்" என்றாள். தைரியமாகப் படிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த வண்டி வந்த எட்டு மாதத்தில் பதினேழு பேரை உயிரோடு வெளியே எடுத்திருக்கிறோம். பெயர்ப் பட்டியலை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து படித்துப் பாருங்கள். அதில் மூன்று கைக்குழந்தைகள்.

உமர் பாய் காப்பீட்டுக்காக எங்கள் அறிக்கையின் நகலை வாங்கியிருக்கிறார். அதிலிருந்த நேரமும் அவர் போனில் இருந்த நேரமும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் இன்று நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காப்பீட்டுப் பணம் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி, பட்டறைக்குள் ஆள் இருப்பது எனக்குத் தெரியுமா என்பது. ஞாயிறு விடுமுறை, யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்ததாக முதல் விசாரணையில் சொன்னேன். உமர் பாய்க்கு அந்தப் பதற்றத்தில் என்ன பேசினோம் என்பதே நினைவில்லையாம். ஆகவே நான் அதே பதிலை மறுபடியும் எழுதினாலும் மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஆனால் இது என் கையால் எழுதுகிற தாள், மேடம். இதில் பொய் எழுத மனம் வரவில்லை. யார் மேலும் எனக்குப் பகை கிடையாது. அந்த மூன்று லட்சம் பேருக்காகத்தான் செய்தேன்.

பட்டறை எரிகிறது என்று அவர் சொன்னதுமே என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "கோகிலாக்கா உள்ள மாட்டிகிச்சு சார்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் விரலை எடுத்தேன்.