பதிவுப் புத்தகம் இருந்த இடம்

வண்டி ஓட்ட எனக்குத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபத்து மூன்று வயதில் இனிக் கற்றுக்கொள்ளப்போவதும் இல்லை. அண்ணனுடைய கருநீல வண்டியில் நான் ஏறி அமர்ந்த நாள்களை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆகவே, அந்தப் பழைய வண்டியை மறுபடி பதிவுசெய்யும் காரியத்தில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனாவும் தந்தீர்கள். நன்றி. வாய்விட்டுப் பேசும்போது எனக்குச் சொல் தடுமாறும். சிறுவயது முதல் அப்படித்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். எழுத்தில் தடுமாற மாட்டேன்.

எங்கள் வீட்டின் பின்கட்டில், என் அறையை ஒட்டினாற்போல் வண்டிக் கொட்டகை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரே சுவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வண்டி அங்கிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. அண்ணன் வீட்டைவிட்டுப் போனான், வண்டி நின்றது. அவன் போன மறு வருடமே, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் அண்ணி. பதிவுப் புத்தகம் இல்லாத வண்டியை எவனும் வாங்க மாட்டான், அதை அண்ணன் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்படியானால் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போயிருக்கிறார் என்று அண்ணியின் முகம் தெளிந்தது. அதன்பிறகு வண்டியை விற்கும் பேச்சே எழவில்லை. வாசற்கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். பதின்மூன்று ஆண்டுகள் அப்படிக் காது கொடுத்து, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். கடைசிவரை அவர் மனத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் கொடுத்தவன் நான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் தோளில் வளர்ந்தவள். எழுத்தும் நான் சொல்லிக்கொடுத்ததே, பதிகங்களும் நான் சொல்லிக்கொடுத்தவையே. இன்று ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற தை மாதம் ஒரு காலையில், துடைக்கும் துணியோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் வண்டியை ஓடவைக்கப்போவதாகச் சொன்னாள். காகிதமே இல்லாத வண்டியை ஓட்டி என்னம்மா செய்வாய் என்றேன்.

"புதுசா பதிவு பண்ணிக்கலாமாம் சித்தப்பா, கேட்டுட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் நாலு தெரு சுத்துவேன். எங்கயாவது ரோட்டுல பாத்தா, தன் வண்டின்னு அப்பாவுக்குத் தெரியாமலா போகும்?"

அவள் கேட்டது வண்டியை அன்று என்பது எனக்குப் புரிந்தது. மறுக்க முடியவில்லை. விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணியின் பெட்டியிலிருந்து பழைய காப்பீட்டுத் தாள் ஒன்று கிடைத்தது. அதில் வண்டியின் சேஸிஸ் எண் இருந்தது. அதைப் பார்த்துத்தான் விண்ணப்பத்தை நிரப்பினேன். முதல் முறை ஒரு மூன்றை எட்டாக்கினேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினேன். மூன்றாம் முறை கடைசி எழுத்தை விட்டுவிட்டேன். பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்ட நான் வாழ்நாளில் அறிந்தே செய்த பிழைகள் இந்த மூன்றும்தாம். அவற்றுக்காக இன்றும் வருந்துகிறேன்.

மூன்றாம் முறை வாகன ஆய்வாளர் எங்கள் இருவரையும் தம் மேசைக்கு அழைத்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று விண்ணப்பங்களையும் வரிசையாகப் பரப்பினார்.

"ஐயா, ஒரு தடவை தப்பு வந்தா கண்ணாடிய மாத்துங்கன்னு சொல்லலாம். மூணு தடவையும் வேற வேற தப்பு வந்தா என்ன சொல்றது?"

"எங்க சித்தப்பாவுக்கு எழுத்துன்னா உயிர் சார். நம்பர்னா கொஞ்சம் அலர்ஜி," என்று அவள் சிரித்தாள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. என் கையை ஒரு கணம் பார்த்தார். இனி எழுதிய எண் வேண்டாம். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்தப் படியைக் கொண்டுவாருங்கள், பிறகு நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

தேய்த்துப் படியெடுக்க ஒரு மெக்கானிக் வந்தார். அண்ணனுக்குப் பழக்கமானவர், முடி முழுக்க நரைத்திருந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தரையை எதனாலோ தட்டுவது கேட்டது.

"பாப்பா, இங்க பள்ளம் ஒண்ணு இருந்துச்சே. உங்கப்பா நிக்கிற அளவுக்கு வெட்டி வச்சிருந்தாரு. நானே உள்ள எறங்கி வேலை பாத்திருக்கேன்."

வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்க்க வெட்டிய பள்ளம் அது. போவதற்கு முன்பே அண்ணன் மூடிவிட்டதாகச் சொன்னேன். அவர் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தார்.

"அவரா மூடினாரு? பள்ளத்துல எறங்கலேன்னா அந்த மனுஷனுக்குச் சோறே எறங்காதே."

அன்று முதல் அவள் சில நாள்கள் வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள். ஆனால் சந்தேகம் என்னும் சொல்லை என்மேல் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படி நினைத்ததற்கே தன்னை நொந்துகொண்டாள்போலும். அதனால்தான் எனக்கு ஏதேனும் ஒரு நன்மை செய்ய வேண்டும் என்று தேடியிருக்கிறாள்.

என்னிடம் ஒரு பதிகப் புத்தகம் உண்டு. என் தந்தையார் ஓதியது. விளிம்பெல்லாம் என் இருபது ஆண்டுக் குறிப்புகள். அதில் ஒரு தாள் இல்லை. அந்தத் தாளில் இருந்த பாடல்களை வேறொரு பதிப்பைப் பார்த்து, என் எழுத்தைப் போலவே நிறுத்தி எழுதி, எனக்குத் தெரியாமல் புத்தகத்தைப் பைண்டிங் செய்யும் கட்டடக்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். புதிய தாளைச் சேர்த்துத் தைக்க வேண்டுமானால் பழைய அட்டையைப் பிரிக்க வேண்டும். அட்டையின் உட்புறம் இயல்புக்கு மீறித் தடித்திருந்தது கட்டடக்காரரின் கைக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பிற்பகல் அவள் என் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தாள். ஒன்று, அண்ணனுடைய வண்டியின் பதிவுப் புத்தகம். மற்றொன்று, கரிய எண்ணெய்க் கறை படிந்து கசங்கிய ஒரு தாள். ஐந்தாம் பாட்டு முதல் எட்டாம் பாட்டு வரை.

"அப்பா கையோட எடுத்துட்டுப் போனதா சொன்னீங்களே சித்தப்பா."

எழுத்துள்ள தாளை எரிக்க எனக்குக் கை வராது என்றேன். அது உண்மை. அச்சகத்தில் கழிவுத் தாளைக்கூட நான் மிதித்ததில்லை. அவள் எழுந்து போய்க் கொட்டகையின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, காவல் நிலையத்துக்குப் பேசி உங்களைக் கூப்பிட்டாள்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அண்ணியும் குழந்தையும் அண்ணியின் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணன் என் அறைக்குள் வந்திருக்கிறான். மேசைமேல் விரித்து வைத்திருந்த புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போய், வண்டியின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்திருக்கிறான். நான் திரும்பி வந்து கேட்டபோது அந்தத் தாளைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"பேப்பர்தானேடா தம்பி. பாட்டுக்குக் கொஞ்சம் மசகு போட்டேன்னு நினைச்சுக்கோ. இனிமே உனக்குத் திக்காம ஓடும்."

அவன் கெட்டவன் அல்லன். சிரித்த முகத்தோடுதான் சொன்னான். அந்தப் பாடல்கள் வேறு பதிப்புகளில் இருக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. தாளை வாங்கி என் அறைக்குக் கொண்டுபோய் நீவி வைத்தேன். அவன் இன்ஜினை ஓடவிட்டான். உள்ளே ஏதோ தட்டுகிறதாம், அடியில் நின்று கேட்டால்தான் தெரியுமாம். பள்ளத்தில் இறங்கினான்.

மாலை ஓதும் நேரம் வந்துவிட்டது. இன்ஜின் இரைச்சலில் ஓத முடியாது. ஆகவே போய்க் கொட்டகையின் கதவைச் சாத்தினேன். வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். போடாவிட்டால் அந்தக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும். பிறகு வந்து அமர்ந்து பதிகத்தைத் தொடங்கினேன். நான் செய்தது அவ்வளவே. இரைச்சலுக்காக ஒரு கதவைச் சாத்தினேன்.

ஓதி முடித்துப் போய்த் திறந்தபோது புகை வெளியேற வெகுநேரம் ஆயிற்று. அண்ணன் கதவருகில் இருந்தான். மதில் கட்டக் கொட்டியிருந்த மணலும் சிமெண்டும் கொட்டகைக்கு வெளியே இருந்தன. கியரை விலக்கிவிட்டால் குழந்தைகூட இந்த வண்டியைத் தள்ளிவிடும் என்று அவனே ஒருமுறை சொல்லியிருந்தான். அது சரியாகவே இருந்தது. அவனை அவனுக்குப் பிடித்த இடத்திலேயே கிடத்தி, மூடி, தரையை மட்டப்படுத்தி, இரண்டு நாள் காயவிட்டேன். பின்பு வண்டியை அதன்மேல் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். வண்டி நகரக்கூடாது, நகராமலிருக்க அதற்குப் புத்தகம் இருக்கக்கூடாது. மற்றவை உங்களுக்குத் தெரியும்.

நேற்று நீங்கள் கேட்டபோது, கொட்டகையிலிருந்து ஒரு தட்டல் கேட்டதாகவும், அது அண்ணன் சொன்ன இன்ஜின் தட்டல் என்று எண்ணிக்கொண்டதாகவும் சொன்னேன். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. விடுபட்டதைச் சேர்ப்பது என் தொழில், சேர்த்துவிடுகிறேன்.

தட்டல் ஐந்தாம் பாட்டில் தொடங்கிற்று. தாளில் கறைபட்டு எழுத்து மறைந்திருந்தமையால் அங்கிருந்து நினைவிலிருந்தே ஓத வேண்டியிருந்தது. கவனம் சிதறினால் வரி தப்பும். ஆகையால் எழவில்லை. ஏழாம் பாட்டில் இன்ஜின் நின்றுவிட்டது. அவன்தான் எட்டிச் சாவியைத் திருகியிருக்க வேண்டும். தட்டல் நிற்கவில்லை. பத்தாம் பாட்டு வரை மெல்ல மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றாம் பாட்டை நல்ல அமைதியில் ஓதி முடித்தேன். அன்று ஓரிடத்திலும் எனக்குச் சொல் தடுமாறவில்லை.